ஆங்கிலம் காணாமற்போன படம்: ‘ஹாஃப் கேர்ள்பிரண்ட்’ நாவலும் அதன் திரைத் தழுவலும்

2017 மே 19, வெள்ளிக்கிழமை அன்று இரண்டு இந்திப் படங்கள் ஒரே நாளில் திரைக்கு வந்தன. இரண்டும் தில்லியைக் களமாகக் கொண்டவை. இரண்டிலும் கதைக்கு அடிப்படை, ஆங்கிலம் வராதவர் படும் கூச்சம். ஒன்று, சாகேத் சௌத்ரி இயக்கி இர்ஃபான் கான் நடித்த ‘இந்தி மீடியம்’. மற்றொன்று, சேத்தன் பகத்தின் நாவலைத் தழுவி மோஹித் சூரி இயக்கிய ‘ஹாஃப் கேர்ள்பிரண்ட்’. முதற்படம் மறு ஆண்டு ஃபிலிம்ஃபேரின் சிறந்த படம், சிறந்த நடிகர் விருதுகளைப் பெற்றது. இரண்டாவது படத்தில் இன்று எஞ்சியிருப்பவை அதன் பாடல்களே.

இந்த ஏமாற்றத்துக்கு வழக்கமாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. நாவலின் வாசகர்கள், புத்தகத்தில் இருந்தது படத்தில் இல்லை என்கிறார்கள். ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள், புத்தகமே அப்படித்தான், படத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று முறுவலிக்கிறார்கள். இரண்டுமே பொருந்தவில்லை. கதை நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை படம் நாவலைப் பெரும்பாலும் பின்தொடர்கிறது. நாவலும், அதன் உரைநடை எவ்வளவு தட்டையானதாக இருப்பினும், ஓர் உண்மையான கேள்வியின் மீது நின்றது. நிகழ்ச்சிகளைச் சுமந்துவந்த படம் அந்தக் கேள்வியை வழியிலேயே இறக்கிவைத்துவிட்டது.

அந்தக் கேள்வி எளிமையானது: ஆங்கிலம் யாரை உள்ளே விடுகிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது? 2014 அக்டோபரில் வெளிவந்த நாவலின் நாயகன் மாதவ் ஜா, பீகாரின் டும்ராவ்ன் என்னும் சிற்றூரிலிருந்து வருபவன். கூடைப்பந்துத் திறனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் சமூகவியல் படிக்கச் சேர்கிறான். சேர்க்கைக்கான நேர்காணலிலேயே அவனுடைய ஆங்கிலம் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. தில்லியின் செல்வக் குடும்பத்துப் பெண்ணான ரியா சோமானியை அவன் விரும்புகிறான். தோழிக்கு மேலே, காதலிக்குக் கீழே என்று அவள் வகுக்கும் உறவுக்கே ‘பாதிக் காதலி’ என்று பெயர். ஆனால் ‘பாதி’ என்ற சொல் மாதவுக்கே அதிகம் பொருந்தும். கல்லூரிப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது. வகுப்பறை உரையாடலில் அவனுக்கு இடமில்லை. ஆங்கிலத்துக்குள் அவன் பாதிதான் நுழைந்திருக்கிறான்.

இந்தக் கேள்வி எழுந்த காலமும் இடமும் கவனிக்கத்தக்கவை. நாவல் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2014 ஜூலையில், தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்துக்கு அருகிலுள்ள முகர்ஜி நகரில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2011இல் முதல்நிலைத் தேர்வில் அறிமுகமான சிசாட் எனப்படும் திறனறித் தாள், ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கே சாதகமாக அமைந்துவிட்டது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. வினாத்தாளின் இந்தி மொழிபெயர்ப்பு இந்தி பேசுபவருக்கே விளங்காததாக இருந்தது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. ஆகஸ்ட் மாதம், அத்தாளின் ஆங்கிலப் புரிதிறன் வினாக்களுக்கான மதிப்பெண்கள் தகுதிப் பட்டியலுக்குக் கணக்கிடப்படமாட்டா என்று அரசு அறிவித்தது. மறு ஆண்டு முதல் அந்தத் தாள் தேர்ச்சி பெற்றால் போதும் என்ற நிலைக்கு மாறியது. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து முகர்ஜி நகரின் சிறு அறைகளில் தங்கிப் படித்த அந்த மாணவர்கள்தாம் மாதவின் உண்மையான சகோதரர்கள். சேத்தன் பகத் அவர்களை மனத்தில் வைத்து எழுதினாரா என்பது முக்கியமன்று. நாவல் அவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே முக்கியம்.

வேறெந்த இந்திய ஆங்கில எழுத்தாளரும் தொடாத வாசகரைச் சேத்தன் பகத் தொட்டார். அவருடைய முதல் நாவலான ‘ஃபைவ் பாயிண்ட் சம்ஒன்’ 2004இல் 95 ரூபாய் விலையில் வெளிவந்தது. செயின்ட் ஸ்டீபன்ஸில் படித்த அமிதவ் கோஷும் உபமன்யு சட்டர்ஜியும் எழுதிய ஆங்கிலம், அந்த மொழியில் ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கானது. பகத்தின் ஆங்கிலம் அதற்குள் குடியேற முயல்பவர்களுக்கானது. முழுதாகப் படித்து முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம் அவருடையதே என்று சொல்லும் வாசகர்கள் சிறு நகரங்களில் ஏராளம். அத்தகைய வாசகருக்கு மாதவின் கதை வெறும் காதல் கதையன்று. தன் கூச்சத்தைத் தானே ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அனுபவம் அது.

இந்த இடத்தில் நாவலுக்குள் ஒரு முரண் இருக்கிறது. ஆங்கிலம் வராத மாதவின் கதை ஆங்கிலத்தில் சொல்லப்படுகிறது. அவன் உண்மையில் எந்தச் சொற்களில் சிந்தித்தான், எந்த மொழியில் கோபப்பட்டான் என்பதை நாவலால் முழுதாகக் காட்ட இயலாது. இந்தித் திரைப்படத்தால் அது இயலும். மாதவுக்கு அவனுடைய இந்தியையும் அதற்கடியில் ஓடும் போஜ்புரியையும் தந்து, ரியாவின் நண்பர்களை ஆங்கிலத்திலேயே பேசவிட்டிருந்தால், பார்வையாளர் அவனுடைய காதுகளால் தில்லியைக் கேட்டிருப்பார்கள். மூலத்தின் அடிப்படைக் குறையை நிவர்த்தி செய்யும் இத்தகைய வாய்ப்பு ஒரு தழுவலுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

படம் அந்த வாய்ப்பைக் கைவிட்டது. திரையில் மாதவும் ரியாவும் பெரும்பாலும் இந்தியிலேயே பேசிக்கொள்கிறார்கள். ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதில் அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆகவே ஆங்கிலம் என்ற சுவர் அங்கங்கே நினைவூட்டப்படும் செய்தியாகிவிடுகிறது. அதில் யாரும் முட்டிக்கொள்வதில்லை. மாதவாக நடித்த அர்ஜுன் கபூரின் பீகார் உச்சரிப்பு காட்சிக்குக் காட்சி மாறுகிறது என்று விமர்சகர்கள் பலர் சுட்டினார்கள். அது நடிகரின் குறை மட்டுமன்று. பேச்சுமொழியைக் கதையின் உடலாகக் கருதாமல் ஒப்பனையாகக் கருதியதன் விளைவு அது. மொழியின் இடைவெளி அகன்றபின் இருவருக்கும் இடையே எஞ்சுவது பணத்தின் இடைவெளியும் மழையும் பாட்டும்தான். அந்தக் கதையை இந்தி சினிமா பலமுறை சொல்லியிருக்கிறது.

மூல ஆசிரியரைத் தயாரிப்பாளர்கள் புறக்கணித்துவிட்டார்கள் என்ற வழக்கமான சமாதானமும் இங்கே செல்லாது. ஆர். கே. நாராயணனுக்கு அந்தக் குறை இருந்தது. ‘தி கைடு’ 1965இல் இந்திப் படமானபோது, தம் மால்குடியை வட இந்தியாவின் வண்ணமயமான நகரங்களுக்குத் தூக்கிச் சென்றுவிட்டார்கள் என்று அவர் கசப்புடன் கட்டுரை எழுதினார். சேத்தன் பகத்தோ இந்தப் படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவர். மூலத்திலிருந்து விலகுவது தன்னளவில் குற்றமும் ஆகாது. அவருடைய ‘தி 3 மிஸ்டேக்ஸ் ஆஃப் மை லைஃப்’ நாவலை அபிஷேக் கபூர் 2013இல் ‘காய் போ சே’ ஆக்கியபோது, இறுதியில் இறப்பவர் யார் என்பதையே மாற்றினார். ஆனால் மூன்று நண்பர்களின் வாழ்வுக்குள் 2002 குஜராத் வன்முறை எப்படி நுழைகிறது என்ற நாவலின் மையக் கேள்வியை அவர் கைவிடவில்லை. அங்கே மாற்றங்கள் கூடியபோதும் மூலம் கூர்மை பெற்றது. இங்கே மாற்றங்கள் குறைந்தபோதும் மூலம் மழுங்கியது.

இந்தி சினிமாவுக்கு இந்தப் பொருளைக் கையாளத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2012இல் வந்த கௌரி ஷிண்டேயின் ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ படத்தில், நியூயார்க் காப்பிக்கடை ஒன்றில் ஸ்ரீதேவி தடுமாறி நிற்கும் சில நிமிடங்களே போதும். ஒரு மொழி ஒருவரை எப்படிச் சிறுமைப்படுத்தும் என்பது அதில் முழுதாக விளங்கிவிடுகிறது. ‘ஹாஃப் கேர்ள்பிரண்ட்’டும் நியூயார்க்குக்குப் போகிறது. அங்கே மாதவ் ரியாவைத் தேடி அலைகிறான். ஆங்கிலம் அவனுக்கு அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை. ‘இந்தி மீடியம்’ சாந்தினி சௌக்கின் துணி வணிகர் ராஜ் பத்ராவை வசந்த விகாருக்குக் குடிபெயர்க்கிறது. அவரிடம் பணம் தாராளமாக இருக்கிறது. இல்லாதது ஆங்கிலம் மட்டுமே. மகளுக்கு ஒரு பள்ளியில் இடம் பிடிக்க, கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஏழைக் குழந்தைகளுக்குரிய ஒதுக்கீட்டை அவர் களவாடத் துணிகிறார். அதனால் ஓர் ஏழைக் குழந்தை இடத்தை இழக்கிறது. முடிவில் அந்தப் படமும் பிரசங்கத்தில் இறங்குகிறது என்பது உண்மையே. ஆயினும் ஆங்கிலம் தில்லியில் ஒரு சொத்து, அதற்காக மனிதர்கள் திருடவும் செய்வார்கள் என்பதை அது அறிந்திருந்தது.

பழி முழுவதையும் படத்தின் மீது சுமத்துவதும் நேர்மையாகாது. நாவலே தன் கேள்வியைப் பாதியில் மழுக்கிவிட்டது. மாதவ் சாதாரணச் சிற்றூர் மாணவன் அல்லன். அரச குடும்பத்து வாரிசு. அவனுடைய சாதி உயர்ந்த சாதி. அவனிடம் இல்லாதது ஆங்கிலம் ஒன்றுதான். ஆங்கிலத்தைச் சாதியிலிருந்தும் வறுமையிலிருந்தும் பிரித்தெடுத்து, பயிற்சியால் தீர்த்துவிடக்கூடிய தனிமனிதக் குறையாக நாவல் ஆக்கியது. டும்ராவ்ன் அரச குடும்பத்தினர் நாவலுக்கு எதிராக மானநஷ்ட வழக்குத் தொடுத்தார்கள். படத்தில் ஊரின் பெயர் சிம்ராவ் என்றானது. ஊர்ப் பெயரை மாற்றியவர்கள் இளவரசப் பட்டத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க ஒரே ஒரு படம் போதும். 2018இல் வெளிவந்த மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் கட்டமைப்பு ஏறத்தாழ இதுவே. கிராமத்திலிருந்து வந்த மாணவன் கல்லூரி வகுப்பறையில் ஆங்கிலத்தால் அவமானப்படுகிறான். உடன் படிக்கும் பெண் அவனுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறாள். பரியனும் ஜோவும் அந்தப் பாடங்களின் வழியே நெருங்குகிறார்கள். ஆனால் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் ஆங்கிலம் ஒருபோதும் தனியாக வருவதில்லை. சாதியின் கையைப் பிடித்துக்கொண்டே வருகிறது. ஜோவின் உதவியே பரியன் மீதான வன்முறைக்குக் காரணமாகிறது. மாதவுக்கு ஆங்கிலம் வந்துவிட்டால் கதை முடிந்துவிடும். பரியனுக்கு ஆங்கிலம் வந்தாலும் கதை முடியாது.

நாவலுக்கும் படத்துக்கும் பொதுவான இன்னொரு தோல்வி பெண்களைப் பற்றியது. நண்பர்களின் தூண்டுதலால் மாதவ் தன் விடுதி அறையில் ரியாவை வற்புறுத்தும் காட்சி இரண்டிலும் உண்டு. நாவலில் அவனுடைய மண்ணின் பேச்சு மிகக் கூர்மையாக ஒலிப்பது அந்த அறையில்தான், அதுவும் ஒரு மிரட்டலாக. தாய்மொழிக்குக் கண்ணியமான வாக்கியம் ஒன்று தரப்படுவதற்கு முன்பே ஆபாசமான வாக்கியம் தரப்பட்டுவிடுகிறது. பின்னர் மாதவின் தாய் நடத்தும் பள்ளிக்கு நிதி வேண்டி, பில் கேட்ஸின் முன் அவன் ஆங்கிலத்தில் உரையாற்றத் தயாராகிறான். அதற்குப் பயிற்சி தருபவள் ரியா. பள்ளியில் கழிப்பறை இல்லாததால் பெண் குழந்தைகள் படிக்க வருவதில்லை என்பது இந்தியக் கல்வியின் உண்மையான துயரம். கதையில் அது நாயகனின் மேடைப் பேச்சுக்குத் துணைப்பொருளாகச் சுருங்குகிறது. திரையில் கணினி வரைகலையால் உருவாக்கிய பில் கேட்ஸைக் கண்டு சிரித்தவர்கள் பலர். அந்தச் சிரிப்பில் கழிப்பறையும் மறந்துபோயிற்று.

சிரிப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. படம் வெளிவருவதற்கு முந்தைய மாதம், 2017 ஏப்ரலில், தில்லிப் பல்கலைக்கழகத்தின் வெகுசன இலக்கியத் தாளில் ‘ஃபைவ் பாயிண்ட் சம்ஒன்’ நாவலைச் சேர்க்கும் முடிவு செய்தியானபோது, கல்விப்புலத்தின் ஒரு பகுதியிலிருந்து எழுந்தது ஏளனம். ‘ஹாஃப் கேர்ள்பிரண்ட்’ படத்துக்குக் கிடைத்த கேலியிலும் அந்த ஏளனத்தின் எதிரொலி இருந்தது. மோசமான படத்தை மோசமானது என்று சொல்வது விமர்சனத்தின் கடமை. ஆனால் மாதவின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பதற்கும், அந்த உச்சரிப்பை அக்கறையின்றி உருவாக்கிய படத்தைக் கண்டிப்பதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவது, நேர்காணல் அறையில் மாதவைக் கூச வைத்த அதே சிரிப்பு. வெகுசன நாவல்களைக் கருத்தரங்குகளில் ஆராய்பவர்கள் அவற்றின் விற்பனையைக் கணக்கிடுகிறார்கள், நடையைக் குறைகூறுகிறார்கள். அவற்றை வாங்கிய வாசகர் எதைத் தேடி வாங்கினார் என்று கேட்பது மிக அரிது.

இந்தக் கேள்வி வட இந்திய மாணவருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்வழியில் படித்துத் தில்லிப் பல்கலைக்கழகங்களுக்கு வரும் மாணவருக்கு இரண்டு வாசல்கள் காத்திருக்கின்றன. வகுப்பறையில் ஆங்கிலம், விடுதியிலும் கடைத்தெருவிலும் இந்தி. மாதவுக்கு வகுப்பை விட்டு வெளியே வந்தாலாவது தன் மொழி திரும்பக் கிடைத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. கருத்தரங்க அறையில் ஒரு நல்ல கேள்வி நெஞ்சில் எழுந்து, அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் விவாதம் வேறிடம் சென்றுவிடுகிறது. அந்த மௌனத்தைப் பலர் அறியாமை என்று குறித்துக்கொள்கிறார்கள். நாவலிலோ படத்திலோ இடம்பெறாத மாதவ்கள் இவர்கள்.

ஆகவே ‘ஹாஃப் கேர்ள்பிரண்ட்’ படத்தின் தோல்வியை இன்னொரு சுமாரான காதல் படத்தின் தோல்வியாகக் கடந்துவிட முடியாது. குறையுள்ள ஒரு நாவல் சரியான கேள்வியோடு சரியான வாசகரிடம் சென்றிருந்தது. அந்த வாசகரின் மொழியிலேயே பேசக்கூடிய ஒரு கலை, அவரிடமே திரும்பி வந்து, அந்தக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசியது. கேள்வி மட்டும் முகர்ஜி நகரிலும் வடக்கு வளாகத்திலும் திருநெல்வேலியிலும் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துப் பேசும் கடமை திரைப்படத்துக்கு மட்டுமன்று, வகுப்பறைக்கும் உண்டு.