ஞாயிற்றுக்கிழமை மலை அண்ணனுக்கு, கம்ப்யூட்டர் எனக்கா?



போன மாத சுவர்ப் பத்திரிகையில் பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவர் "கம்ப்யூட்டரை மூடு, மலைக்கு ஓடு" என்று எழுதியிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார், கையெழுத்தும் அழகு. ஆனா படிச்சதும் எனக்குக் கோபம் வந்தது. ஓடு என்று சொல்வது சுலபம். யாரை ஓட விடுறாங்க, யாரை விடலை என்பதை அவர் யோசிக்கவே இல்லை. நான் எழுதுவது என் சொந்தக் கருத்து. யார் மனசாவது புண்பட்டால் மன்னிக்கவும்.

எங்க வீட்டு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்றேன். அண்ணன் அஞ்சு மணிக்கே எழுந்து, பையில் தண்ணி பாட்டிலைப் போட்டுக்கொண்டு, வாணியம்பாடி பஸ் பிடித்து ஏலகிரி போயிடுவான். கூட நாலைந்து பேர். மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறுவார்கள். சாயங்காலம் முகம் கறுத்து, முட்டியில் சிராய்ப்போடு, ராஜா மாதிரி வருவான். (வரும்போது பிரியாணி சாப்பிட்டுட்டு வந்ததை அம்மாகிட்ட சொல்ல மாட்டான். நான் சொல்லிடுவேன்.) அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை, அந்த ஒரு நாள்தான் லீவு, தூங்குவார். அம்மா வாசலில் உட்கார்ந்து அப்பர் தைப்பாங்க. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன்.

"நானும் வரேண்ணா" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவன் சிரிப்பான். அம்மா சிரிக்க மாட்டாங்க. "பொம்பளப் புள்ள மல ஏறி என்னடி பண்ணப் போற? குரங்கணில நடந்தது தெரியும்ல?" என்பார்கள்.

தெரியும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மாட்டி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதில் பெண்கள் நிறைய பேர். அம்மா பயப்படுவதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனா தீக்கு ஆண் பெண் தெரியுமா? குரங்கணியைச் சொல்லி என்னை மட்டும் நிறுத்துறாங்க, அண்ணனை நிறுத்தலையே. அதுதான் என் கேள்வி.

அதனால் எனக்கு மிஞ்சியது கம்ப்யூட்டர். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் என் சித்தப்பா பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. பேட்டரி செத்துப்போச்சு, சார்ஜர் சொருகினால்தான் உயிர் வரும். கரண்ட் போனால் எழுதினது எல்லாம் போச்சு. எஃப் கட்டையும் உடைந்துவிட்டது. தமிழ் 99 விசைப்பலகையில் புள்ளி வைக்கிற கட்டையே அதுதான்! "மலையில்" என்று அடிச்சா "மலையில" என்று வரும். என் கம்ப்யூட்டர் எங்க பாட்டி மாதிரி பேசுது.

அதில்தான் நான் மலை பார்த்தேன். செயற்கைக்கோள் படத்தில் ஆம்பூரை மேலேயிருந்து பார்த்திருக்கிறீர்களா? பாலாறு ஒரு வெள்ளைக் கோடு, தண்ணியே இல்லாத மணல். ஓரமா தோல் ஷாப்புகளின் நீள நீளக் கூரைகள். தெற்கே போனால் ஏலகிரி சாலை, 14 கொண்டை ஊசி வளைவு, குடல் மாதிரி சுருண்டு கிடக்கும். அண்ணன் ஏறுகிற பாதையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவனை விட எனக்குத்தான் வழி நல்லாத் தெரியும். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் வீண் பொழுது என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். கம்ப்யூட்டர் என்பது முன்னாடி மெஷின் பேர் இல்லை, மனுஷனோட வேலைப் பேர். 1802-ல் சென்னை பரங்கிமலை பக்கத்தில் லாம்டன் என்பவர் அளக்க ஆரம்பித்து, மலை உச்சி மலை உச்சியா முக்கோணம் போட்டு இந்தியா முழுக்க அளந்தார்கள். அந்த சர்வேயில் கணக்குப் போட 1831-ல் சேர்ந்தவர் வங்காளத்து ராதாநாத் சிக்தர். அவர் பதவி 'கம்ப்யூட்டர்'. எவரெஸ்ட் உயரத்தைக் கண்டுபிடித்த கணக்கில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். அதே சர்வேயில் அளக்கும் கருவிகளைச் செய்து, ரிப்பேர் பார்த்துக் கொடுத்தவர் சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். எந்த ஊர் தெரியுமா? நம்ம ஆற்காடு! பஸ்ஸில் போனால் வந்துவிடும். ஏறுகிறவனும் வேண்டும், கணக்குப் போடுகிறவனும் வேண்டும், கருவி செய்கிறவனும் வேண்டும். தம்பி ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றுக்கு ஓடச் சொல்கிறார்.

நானும் அளந்து பார்த்தேன். பத்தாம் வகுப்பில் ஏற்றக் கோணம் படித்தோமே, அதை வைத்து, கோணமானியில் நூல் கட்டி, மொட்டை மாடியிலிருந்து எதிர் மலையைப் பார்த்து, லேப்டாப்பில் கணக்குப் போட்டேன். மேப்பில் இருக்கும் உயரத்துக்கும் என் விடைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இங்கே எழுத மாட்டேன். கணக்கு சார் இதைப் படிப்பார்.

போன பொங்கல் லீவில் அப்பாவே என்னைக் கைலாசகிரிக்குக் கூட்டிப்போனார். நான் அளந்ததைக் காட்டினதும் மனசு மாறியிருக்கணும். ஸ்கிரீனில் பார்த்த அதே ஊர் கீழே இருந்தது. ஆனால் ஸ்கிரீனில் காற்று அடிக்காது. மூச்சு வாங்காது. தோல் நாத்தம் கீழேயே நின்றுவிட்டது என்பதும் ஏறினால்தான் தெரியும். பாதி வழியில் எனக்குக் கால் வழுக்கியது. அப்பா என் செருப்பைப் பார்த்தார், அவர் செருப்பையும் பார்த்தார். இரண்டும் ரப்பர். "மல ஏறுற ஷூவுக்கு எத்தன ஆயிரம் ஜோடி தோல் வெட்டிருப்பேன்மா. எல்லாம் ஃபாரின் போயிடுச்சு" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

இப்போ நான் கேட்பது இதுதான். குரங்கணிக்குப் பிறகு அரசு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. 40 பாதைகள், அதில் நம்ம ஏலகிரி சுவாமிமலையும் ஒன்று. கம்ப்யூட்டரில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். தீக்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள். அண்ணன் போவது மாதிரி யாருக்கும் சொல்லாமல் போவதை விட இது எவ்வளவோ பாதுகாப்பு. நம் பள்ளியில் விளையாட்டு விழாவுக்குப் பிறகு பையன்களை மட்டும் மலைக்கு அழைத்துப் போகும் வழக்கம் இருக்கிறது. இந்த வருஷம் மாணவிகளையும் சேர்க்க வேண்டும். இரண்டு டீச்சர் கூட வந்தால் போதும். பதிவு செய்வது, பாதை வரைபடம், செலவுக் கணக்கு எல்லாம் நாங்களே கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து செய்து தருகிறோம். சனிக்கிழமை லேபைத் திறந்து விட்டால் சரி. (அங்கே எஃப் கட்டை நன்றாக இருக்கிறது.)

பெயர் கொடுக்க விரும்பும் மாணவிகள் மதிய இடைவேளையில் என்னிடம் கொடுக்கலாம். இதுவரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். என் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. டீச்சர் யாராவது ஒரு சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து பேசினால் நன்றாக இருக்கும். அம்மா வாசலில்தான் தைத்துக்கொண்டிருப்பாங்க.

- ஒரு மாணவி, 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு