கப்பலில் இனாம்

புழலிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போகிறோம். 'பார்' சிப்பந்திக்குத் தனியாக இனாம் தர வேண்டுமா?"

நியாயமான சந்தேகந்தான். 2022 ஜூனில் 'எம்ப்ரஸ்' கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது முதல், கப்பல் பிரயாணம் நம் குடும்பங்களுக்கும் எட்டிவிட்டது. குழந்தைக்குப் பழரசம் வேண்டுமென்றாலும் அதே 'பார்' மேஜைக்குத்தானே போக வேண்டியிருக்கிறது!

முதலில் பில்லைப் பாருங்கள், அம்மா. பல கப்பல்களில் இனாமையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். ராயல் கரீபியன் கப்பல்களில் அது நூற்றுக்கு 18. கீழே 'கூடுதல் இனாம்' என்று ஓர் இடம் காலியாக இருந்தால், அதை நிரப்பியே தீர வேண்டுமென்பதில்லை. கூச்சப்பட்டு எழுதிவிட்டு, பிறகு அறைக்கு வந்து கணவரோடு சண்டை போடாதீர்கள்!

ஆனால், அந்தச் சிப்பந்தி மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கடலிலே உழைப்பவர். உங்கள் குழந்தைக்கு ஐஸ் ஆகாது என்பதை நீங்கள் சொல்லாமலே தினமும் நினைவு வைத்துக் கொடுத்திருந்தால், இறங்குமுன் அவர் கையிலேயே ஏதாவது கொடுங்கள். கப்பலில் கணக்கெல்லாம் அட்டையில்தான். ஆகவே வீட்டிலிருந்தே சில நோட்டுகள் எடுத்துப் போங்கள்.

அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு மேலதிகாரியிடம் நாலு நல்ல வார்த்தையும் சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை.