துண்டும் அட்டையும்

சென்ற மாதச் சம்பள நாளன்று, மாலை வேளையில், கண்டி நகரின் தலதா வீதி வழியே நடந்துகொண்டிருந்தேன். வணிகத் தொகுதி ஒன்றின் வாயிலில், மடிப்புக் குலையாத சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த இளைஞர் ஒருவர் என்னை மறித்தார்.

"சேர், ஒரு நிமிஷம். எங்கள் வங்கியின் கடனட்டையை எடுத்தால் குடும்பத்தோடு இலவசமாக விமானத்தில் போய் வரலாம்" என்றார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் செய்தவனுக்கு, 'இலவசம்' என்ற சொல் காதில் விழுந்தால் கால்கள் தாமே நின்றுவிடுகின்றன. நின்றேன்.

"எந்த நாட்டுக்குப் போக ஆசை, சேர்?"

"திருச்சிராப்பள்ளிக்கு, தம்பி."

அவர் முகம் சற்றே வாடிற்று. சிங்கப்பூர் என்றோ துபாய் என்றோ சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார் போலும். ஆயினும் விடவில்லை, விண்ணப்பத் தாளையும் விளக்கத் தாளையும் கையில் திணித்தே அனுப்பினார்.

திருச்சியை நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் தாயாரின் தமக்கை, என் பெரியம்மா, 1972ஆம் ஆண்டில் கலஹாவிலிருந்து புறப்பட்டுப் போனவர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்குரியவர்கள் என்று வகுக்கப்பட்டார்கள். ஒரே லயத்தில் பிறந்த தமக்கை அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம். அவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மலையகத்து மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயரிட்டார்கள். தலைமன்னார் சென்று, கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய பெரியம்மாவுக்கு இன்று வயது 81. இப்போது துறையூருக்கு அருகில் இருக்கிறார். என் தாயாருக்கு 76. தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள்; நேரில் கண்டு ஐம்பதாண்டு கடந்துவிட்டது. ஆகவே எங்கள் வீட்டில் 'விடுமுறைப் பயணம்' என்றால் கடற்கரையும் அன்று, மாடமாளிகையும் அன்று. நான், மனைவி, ஒன்பது வயது மகள், தாயார் என நால்வரும் துறையூர் சென்று ஒரு திண்ணையில் பத்து நாள் அமர்ந்திருப்பதே அதன் பொருள்.

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சென்றுவிடுகிறது. கண்டியிலிருந்து கட்டுநாயக்கா போய்ச் சேருவதற்கு அதைப்போல் மூன்று மடங்கு நேரம் பிடிக்கும் என்பது வேறு கதை. தூரம் சிறிது, கட்டணமோ ஓர் ஆசிரியனின் சட்டைப்பைக்குப் பெரிது. அதனாலேயே அந்த இளைஞரின் தாளை நான் குப்பைக் கூடையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விளக்கெரிய உட்கார்ந்து கணக்கும் போட்டேன்.

இத்தகைய அட்டைகள் வந்த வழியை முதலில் சொல்லிவிடலாம். அடிக்கடி பறப்பவருக்கு அவர் பறந்த தூரத்தை எண்ணிப் பரிசளிக்கும் முறையை, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் பெரிய அளவில் தொடங்கிற்று. பிற்காலத்தில் வங்கிகளும் அதிற் கூட்டுச் சேர்ந்தன. விமான நிறுவனம் தன் 'மைல்'களை வங்கிக்கு விற்கிறது. வங்கி அவற்றை அட்டைக்காரருக்குக் கொடுக்கிறது. நமது ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்துக்கும் 'ஃபிளைஸ்மைல்ஸ்' என்று ஒரு திட்டம் உண்டு. ஆகாயத்தில் ஓரடி பறக்காமலே, அரிசியும் பருப்பும் வாங்கி மைல் சேர்க்கலாம் என்பதே இதன் அதிசயம்.

ஆனால் வங்கி அந்த மைல்களை எந்தப் பணத்தைக்கொண்டு வாங்குகிறது? ஒரு பகுதி, நாம் அட்டையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரரிடம் பிடிக்கப்படும் கழிவு. மற்றொரு பகுதி, உரிய நாளில் முழுத்தொகையையும் கட்ட இயலாதவர் செலுத்தும் வட்டி. தவறாமல் கட்டுபவனின் ஆசனத்துக்கு, தவறியவனின் வட்டியிலிருந்தும் ஒரு பங்கு போகிறது. இதை அறிந்த பின்னரும் அட்டை எடுக்கலாம். நானும் ஒன்று எடுத்தேன். ஆனால் 'இலவசம்' என்ற சொல்லை அதன்மேல் ஒட்டலாகாது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். அட்டைக்கு அட்டை விகிதம் மாறும். ஆகையால் ஓர் உதாரணமாகவே இதைக் கொள்ளுங்கள். நூறு ரூபாய்ச் செலவுக்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளிக்கு ஒரு மைல், திருச்சி போய்வர ஒருவருக்கு 10,000 மைல் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் அட்டையால் கட்டக்கூடிய செலவு மாதம் 50,000 ரூபாய். அதற்கு 250 மைல், ஆண்டுக்கு 3,000. நால்வருக்கு வேண்டியதோ 40,000. அதாவது பதின்மூன்று ஆண்டும் நான்கு மாதமும். அப்போது என் மகளுக்கு 22 வயது. பெரியம்மாவுக்கு 94.

இவ்வளவும் புள்ளிகள் காலாவதியாகாமல் இருந்தால்தான். பெரும்பாலானவை காலாவதியாகும். மைல் கொடுத்து வாங்கிய ஆசனத்துக்கும் வரியும் ஏனைய கட்டணங்களும் பணமாகவே கட்டவேண்டும். அவ்வாறு ஒதுக்கப்படும் ஆசனங்களும் சிலவே. பிள்ளை படிக்கும் குடும்பம் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் டிசம்பரிலுமே பயணப்பட முடியும். அம்மாதங்களில் ஒரே விமானத்தில் நான்கு ஆசனம் கேட்டால் கிடைக்குமா என்று, விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் கேட்டறிய வேண்டும். நான் கேட்டேன். "பார்க்கலாம், சேர்" என்ற விடை வந்தது.

அடுத்தது கடைக்காரர். கொழும்பு வீதியில் ஒரு கடையில் மகளுக்குச் சப்பாத்து வாங்கினேன். அட்டையை நீட்டியதும், "அட்டை என்றால் நூற்றுக்கு மூன்று ரூபாய் கூட வரும், மாஸ்டர்" என்றார்கள். இப்படிக் கேட்பது முறையன்று. ஆயினும் பல கடைகளில் நடக்கிறது. திருச்சிக் கட்டணம் வரி நீங்கலாக 45,000 ரூபாய் என்றால், என் கணக்கில் ஒரு மைலின் பெறுமதி நாலரை ரூபாய்; நூறு ரூபாய்ச் செலவில் எனக்குக் கிடைக்கும் அரை மைல், இரண்டேகால் ரூபாய். அதைப் பெறுவதற்கு மூன்று ரூபாய் கொடுப்பதா? பணத்தாளை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வட்டியின் கதை இதனினும் கொடிது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி, கடனட்டை வட்டிக்கு நூற்றுக்கு 28 வீதம் என்று உச்சவரம்பு விதித்தது. அதையே அளவாகக் கொள்வோம். ஒரு லட்சம் ரூபாயை ஒரு மாதம் கட்டாது விட்டால் ஏறக்குறைய 2,333 ரூபாய் வட்டி. அந்த ஒரு லட்சத்துக்குக் கிடைத்த 500 மைலின் பெறுமதியோ 2,250 ரூபாய். ஒரேயொரு மாதத் தாமதம், சேர்த்த புள்ளி முழுவதையும் விழுங்கிவிட்டு மேலும் கேட்கிறது. 'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்' என்று பட்டியலில் அச்சிட்டிருக்கிறார்களே, அந்த வரியைப் போல் இனிமையாகப் பேசும் வரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் சக ஆசிரியர் ஒருவர் அந்த வரியை நம்பினார். 2020 ஆகஸ்டில் அட்டை வட்டிக்கு 18 வீதம் என்ற வரம்பு இருந்தது. அக்காலத்தில் அவர் ஓர் அட்டை எடுத்து, வீட்டுக்கு வேண்டிய தளபாடமெல்லாம் வாங்கி, மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி, புள்ளிகளை மட்டும் ஆசையோடு எண்ணிவந்தார். 2022 வந்தது. ஏப்ரலில் வரம்பு நீக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் வட்டி 30 வீதத்தைத் தாண்டிற்று. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நாணயம், மே மாதத்தில் 360 அளவுக்குச் சரிந்தது. விமானக் கட்டணமும் அதனோடு ஏறிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் வாசலில் கண்டபோது, "புள்ளி எல்லாம் பத்திரமாக இருக்கு, மாஸ்டர். நான்தான் இல்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று அவர் கையில் மனைவியின் சங்கிலியை அடகு வைத்த சீட்டு இருந்தது.

அவர் கையிலிருந்த சீட்டைக் கண்டதும் எனக்கு வேறொரு சீட்டு நினைவுக்கு வந்தது. எங்கள் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த பயணமும் கடனிலேயே தொடங்கிற்று. கங்காணி ஊரிலே முன்பணம் கொடுத்தான். வழிச்சோறும் கப்பற்கூலியும் வந்திறங்கும் முன்னரே பேரேட்டில் ஏறிவிட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்கள், தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த வில்லையைக் காட்டினால் வழியில் காசு கேட்க மாட்டார்கள். அதுவும் 'இலவசப் பயணம்'தான். செலவு தோட்டத்தின் பெயரில் எழுதப்பட்டு, பின்னர் கூலியாளின் தலையில் இறங்கும். அவன் வேறு தோட்டம் போக விரும்பினால், இன்னின்ன ஆட்கள் இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் கடதாசி வேண்டும். அதன் பெயர் 'துண்டு'. புதிய தோட்டம் அக்கடனைக் கொடுத்து ஆளை எடுக்கும். கடன் மட்டும் அவனோடு கூடவே போகும். 1921இலேதான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இந்த ஒப்புமையை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. அட்டை எடுப்பவனைக் கொழுந்து பறிக்கும்படி எவரும் விரட்டுவதில்லை. அவன் தன் விருப்பத்தினால் எடுக்கிறான், விரும்பினால் திருப்பியும் கொடுத்துவிடலாம். எனினும், கடல் கடக்கும் பயணத்தை 'காசில்லாமல்' என்று ஒருவர் நீட்டும்போது, அச்செலவு யார் பேரேட்டில் எழுதப்படுகிறது என்று கேட்கும் உரிமை வேறெவரையும் விட எங்களுக்கு உண்டு.

அப்படியானால் இந்த அட்டை எவருக்குத்தான் ஏற்றது? தொழில் நிமித்தம் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பறப்பவர்க்கு ஏற்றது. கடைச் சரக்கை அட்டையில் வாங்கி, பட்டியல் வந்த அன்றே முழுதும் தீர்க்கும் வணிகருக்கு மிக ஏற்றது. அவர் ஓராண்டிலேயே நான்கு ஆசனம் சேர்த்துவிடுவார். அத்தகையோர் விமான மைல் தரும் அட்டையையே தேடி எடுக்கட்டும். ஆண்டுக் கட்டணத்தை மட்டும், கிடைக்கும் மைலின் பெறுமதியோடு நிறுத்துப் பார்க்கட்டும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கோ, புள்ளிக்குப் பதிலாகச் சிறு தொகையைப் பணமாகவே பட்டியலில் கழித்துத் தரும் அட்டை போதும். ரூபாய் காலாவதியாவதில்லை. எந்த விமானத்துக்கும் அது செல்லும். யாழ்ப்பாணம் சென்று, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலில் போக நினைத்தாலும் செல்லும்.

அவ்விதமான ஓர் அட்டையையே நான் எடுத்தேன். ஆண்டுக் கட்டணம் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். சம்பளம் வரும் நாளிலேயே முழுத்தொகையும் என் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி கட்டளையும் எழுதிக்கொடுத்தேன். என் மனைவிக்கு இதிலும் பூரண சம்மதமில்லை. "புள்ளி சேரும் என்று சொல்லிப் புத்தகம் வாங்க உங்களுக்கு இன்னொரு சாட்டு" என்றார். அதிலும் உண்மை இல்லாமலில்லை.

பயணச் செலவு வேறு வழியில் சேருகிறது. நால்வருக்கும் 1,80,000 ரூபாய். மாதம் 5,000 வீதம் மகளின் பெயரில் உள்ள சேமிப்புப் புத்தகத்தில் போட்டால் மூன்றாண்டு. புள்ளிக்குப் பதிலாக வரும் பணத்தையும் அதில் சேர்த்தால் இன்னும் சற்று விரைவு. பதின்மூன்று ஆண்டு எங்கே, மூன்று ஆண்டு எங்கே என்று நான் பெருமையோடு சொன்னபோது, தாயார் வெற்றிலையை மடித்தபடி, "அக்காவுக்கு மூணு வருஷமும் கூடத்தான்பா" என்றார்.

ஆகவே திட்டத்தை மாற்றிவிட்டோம். நால்வரும் ஒன்றாகப் போவது பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதினெட்டு மாதத்தில் இரண்டு ஆசனத்துக்குப் பணம் சேரும். வரிக்கு வேண்டியதைப் பகுதிநேர வகுப்புப் பணத்திலிருந்து கொடுக்கிறேன். முதலில் தாயாரும் மகளும் போகிறார்கள். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று சென்ற செவ்வாய்க்கிழமை விசாரித்து வந்தேன். தாயாரின் பிறப்புச் சான்றிதழிலே தோட்டத்தின் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையிலே வேறு விதமாகவும் இருக்கிறது. அதைத் திருத்தும் வேலை இப்போது நடக்கிறது.