மலையைத் தட்டிப் பார்க்கும் கடல்

மண்பானை வாங்குகிறவர்கள் அதை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல பானை. விரிசல் இருந்தால் ஓசை மங்கிவிடும். எரிமலையையும் இப்படிச் சுண்டிப் பார்க்க முடிந்தால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிந்துவிடும். ஆனால் அதற்கு விரல்? வெடி வைக்கலாம்; தினமும் வைக்க முடியாது. பூகம்பமும் ஒரு தட்டுதான். நம் வசதிக்கு வராது. கடைசியில் விஞ்ஞானிகளுக்கு அகப்பட்ட விரல், அவர்கள் வெகுகாலம் தொல்லை என்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்று: கடல்.

பூகம்பப் பதிவுக் கருவி ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. பூமி அமைதியாக இருக்கும்போதும் அதன் கோடு நடுங்கிக்கொண்டே இருக்கும். காற்று, லாரி, ரயில், எல்லாவற்றுக்கும் மேலாக அலைகள். எதிரெதிர்த் திசைகளிலிருந்து வரும் அலைகள் சந்திக்கும்போது எழும் அழுத்தம் கடலடித் தரையை அமுக்குகிறது. அந்த அதிர்வு கண்டங்களின் நடுப்பகுதிவரை போகிறது. இதை லாங்கே-ஹிக்கின்ஸ் 1950இல் கணக்குப் போட்டு விளக்கினார். ஆய்வாளர்களுக்கோ அது வடிகட்டி எறிய வேண்டிய வெறும் 'இரைச்சல்'. மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கு இந்த இடத்தில் சிரமமே இல்லை. தமிழில் கடல் எப்போதும் இரைந்துகொண்டுதானே இருக்கிறது!

குப்பையிலிருந்து தகவல் எடுப்பது எப்படி? திருவிழா நேரத்தில் கோயில் பிரகாரத்தில் 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு மைக்குகளை வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கூச்சல்தான் பதிவாகும். ஆனால் முதல் மைக்கைக் கடக்கும் ஓசையில் ஒரு பகுதி, சுமார் 0.3 விநாடி கழித்து இரண்டாவதையும் கடக்கிறது. பல மணி நேரப் பதிவுகளை ஒன்றோடொன்று நகர்த்தி நகர்த்தி ஒப்பிட்டால், தொடர்பில்லாத கூச்சல்கள் கழிந்துபோய் அந்த 0.3 விநாடி மட்டும் எஞ்சும். முதல் மைக் அருகில் யாரோ கை தட்ட, இரண்டாவதில் அது கேட்ட மாதிரி. பூமியின் அதிர்வுகளிலும் இந்த வித்தை பலிக்கும் என்று பிரான்ஸின் மிஷல் காம்பியோவும் ஆன் பாலும் 2003இல் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், கடல் இரைச்சலை வைத்தே கலிபோர்னியாவின் நிலத்தடிப் படம் தயாராயிற்று.

அடுத்து எரிமலை. நம் நாட்டில் செயல்படும் ஒரே எரிமலை அந்தமான் கடலின் பாரன் தீவில் இருக்கிறது. அங்கே குடிகள் இல்லை. மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு அப்படியல்ல. எட்டு லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழர்களின் சந்ததிகளும் அவர்களில் உண்டு. அங்குள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர் உயரம், உலகின் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. அதன் குழம்பு பெரும்பாலும் ஆளில்லாத பள்ளத்தில்தான் ஓடும். 1977இல் அந்த எல்லையைத் தாண்டி ஒரு கிராமத்துக்குள் புகுந்தது. அங்கிருந்த மாதா கோயிலைச் சுற்றி வளைத்து, வாசலில் வந்து நின்றது. அதன்பிறகுதான் அங்கே ஆய்வகம் வந்தது.

அந்த மலையில் பதிவான 18 மாத இரைச்சலை ஃப்ளோரான் ப்ராங்கியே குழுவினர் ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். எரிமலை வெடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, மலைக்குள் அதிர்வின் வேகம் குறைந்திருந்தது. கீழே குழம்பின் அழுத்தம் ஏறும்போது மலை லேசாக உப்புகிறது, பாறையின் நுண்ணிய விரிசல்கள் வாய் திறக்கின்றன, அதிர்வு தாமதிக்கிறது. விரிசல் விட்ட பானையேதான். அவர்கள் அளந்த மாற்றம் 0.05 சதவீதம்! 10 விநாடிப் பயணத்தில் 0.005 விநாடித் தாமதம்.

இதை வைத்து நாள் குறித்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். வேகம் குறைந்தும் வெடிக்காத நாட்கள் உண்டு. மழைநீர் பாறைக்குள் இறங்கினாலும் வேகம் மாறும். ரீயூனியனோ மழைக்கு உலக சாதனை படைத்த தீவு. 2007 பிப்ரவரியில் இந்த மலைக்கு அருகே மூன்றே நாளில் 3,900 மி.மீ.க்கு மேல் கொட்டியது. மழையின் பங்கைக் கழித்துப் பார்க்க வேண்டும். மலையின் உப்பல், வெளியேறும் வாயு, குட்டி நடுக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கிடைப்பது 'மலை மாறுகிறது' என்ற செய்திதான். ஊரை எப்போது காலி செய்வது, வெடிக்காவிட்டால் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் நினைவுக்கு வருகிறது. 1985 அக்டோபரிலேயே அபாயப் பகுதிகளின் வரைபடம் தயாராகிவிட்டது; ஆர்மேரோ நகரம் அதில் இருந்தது. நவம்பர் 13 இரவு மலை வெடித்தது. உருகிய பனி சேற்று வெள்ளமாகி அந்த நகரத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஊர் காலி செய்யப்படவில்லை. மாண்டவர்கள் 20,000க்கும் அதிகம்.

அன்று குறைவாக இருந்தது அறிவியல் அல்ல. கடலின் இரைச்சலிலிருந்து மலையின் முனகலைப் பிரித்தெடுக்கும் காது இப்போது கிடைத்திருக்கிறது. அது தரும் சில வாரங்களில் பள்ளிக்கூடங்களைத் திறந்துவிடுவதும் பஸ்களை வரவழைப்பதும் வேறு சிலரின் வேலை. அவர்கள் காதிலும் விழ வேண்டும்.