டப்பா மாறினால் மருந்து மாறிவிடுமா?

"போன பட்டத்தில் ஒரே தெளிப்பில் நின்ற புழு, இந்தப் பட்டத்தில் இரண்டு தெளித்தும் நிற்கவில்லை" என்று கடைக்கு வரும் விவசாயியிடம், "அப்படியானால் இதை அடித்துப் பாருங்கள்" என்று வேறொரு டப்பா நீட்டப்படுகிறது. பெயர் வேறு, நிறம் வேறு, விலையும் வேறு. ஆனால் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்து பல நேரங்களில் பழையதேதான். இல்லையென்றால் அதன் உடன்பிறப்பு. காசு செலவாகிறது, புழு சாவதில்லை. அடுத்த தலைமுறைப் புழுவுக்கு அந்த மருந்தைத் தாங்கும் பழக்கத்தையும் நாமே ஊட்டிவிடுகிறோம்.

டயமைடு வகை மருந்துகளில் இந்த ஆபத்து இப்போது கூடியிருக்கிறது. குளோராண்ட்ரானிலிப்ரோல், ஃப்ளூபெண்டியமைடு, சயாண்ட்ரானிலிப்ரோல், டெட்ராநிலிப்ரோல் எல்லாம் ஒரே குடும்பம். நெல்லின் குருத்துப்பூச்சி, இலை சுருட்டுப்புழு முதல் மக்காச்சோளப் படைப்புழு, கோசின் வைரமுதுகு அந்துப்பூச்சி வரை இவற்றையே நம்பியிருக்கிறோம். குளோராண்ட்ரானிலிப்ரோலுக்கான காப்புரிமை 2022 ஆகஸ்டில் இந்தியாவில் முடிந்தபின், பல நிறுவனங்கள் அதைத் தத்தம் பெயரில் விற்கத் தொடங்கின. போட்டியால் விலை இறங்குவது விவசாயிக்கு நல்லதுதான். ஆனால் ஒரே மருந்துக்குப் பல பெயர்கள் வந்ததில், எது எதற்கு மாற்று என்ற தெளிவு போய்விட்டது.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் சிக்கல் விளங்கும். புழுவின் தசையில் கால்சியம் ஏரி நீர்போலத் தேக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறந்து மூடும் மதகாக ஒரு பெரிய புரதம் இருக்கிறது. அதன் பெயர் ரையனோடின் ஏற்பி. மருந்தின் மூலக்கூறு அந்த மதகின் இடுக்கில் ஆப்புப்போல உட்கார்ந்து, பலகையை மூடவிடாமல் செய்கிறது. கால்சியம் வடிந்து தசை இறுகுகிறது. புழு தின்பதை நிறுத்தி, பிறகு சாகிறது. மனிதர் தசையிலும் இதே இனத்து மதகு உண்டு. ஆனால் அந்த இடுக்கின் அமைப்பு வேறு என்பதால் இந்த ஆப்பு அங்கு எளிதில் பொருந்துவதில்லை.

புழுவின் அந்தப் புரதம் 5,000-க்கும் மேற்பட்ட அமினோ அமில மணிகளைக் கோத்த மாலை. மருந்துக்கு அடங்காத வைரமுதுகு அந்துப்பூச்சிகளைப் பிலிப்பைன்ஸிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் எடுத்து ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டபோது, மாலையில் 4,946-ஆவது மணி மாறியிருந்தது தெரியவந்தது. கிளைசின் என்ற மிகச் சிறிய மணி இருந்த இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற பெரிய மணி. இடுக்கு அடைபட்டது, ஆப்பு உட்காரவில்லை. மருந்து இந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. எங்கோ இயல்பாக இருந்த அத்தகைய ஒன்றிரண்டு பூச்சிகளைத் தவிர மற்றவற்றை, திரும்பத் திரும்ப அடித்த ஒரே மருந்து கொன்று தீர்த்தது. மிஞ்சியவை பெருகின.

இங்கேதான் கணினி உதவிக்கு வருகிறது. முயலின் தசையிலுள்ள இதே வகை மதகில் குளோராண்ட்ரானிலிப்ரோல் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதை 2020-இல் அறிவியலாளர்கள் அணு அளவில் படமெடுத்துக் காட்டினார்கள். இப்படி இடுக்கின் வடிவம் தெரிந்துவிட்டால், லட்சக்கணக்கான மூலக்கூறுகளைக் கணினிக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, தேறுவதை மட்டும் ஆய்வகத்தில் தயாரிக்கலாம். 4,946-ஆவது மணியை மாற்றி வைத்து, அப்போதும் பொருந்தும் மருந்து எது என்று முன்கூட்டியே தேடலாம். புரதத்தின் வடிவத்தைக் கணினியால் கணிக்கும் முறைக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படிக் கணிக்கப்பட்ட 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்கள் யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் உள்ளன.

ஆனால் கணினி சொல்வது, மூலக்கூறு இடுக்கில் பொருந்துமா என்பதை மட்டும்தான். இலைக்குள் இறங்குமா, வெயிலில் சிதையுமா, மழையில் கழுவிப் போகுமா, புழுவின் குடல் அதை உடைத்துவிடுமா, தேனீக்கும் மீனுக்கும் கேடா என்பதையெல்லாம் ஆய்வகமும் வயலும்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் புதிய மருந்து ஒன்று கடைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. கணினி தேடும் காலத்தைக் குறைக்கும். சோதிக்கும் காலத்தைப் பெரிதாகக் குறைக்காது. பத்தாண்டில் வந்த மருந்தை நாம் நான்கைந்து பட்டத்தில் தீர்த்துவிட்டால் எந்தக் கணினியாலும் ஈடுகட்ட முடியாது.

ஆகவே இன்று நமக்கு வேண்டியது ஓர் எண். பூச்சிக்கொல்லிகள் எந்த இடத்தைத் தாக்குகின்றன என்பதை வைத்து உலக அளவில் குழு எண் கொடுக்கப்பட்டுள்ளது. டயமைடு அனைத்தும் 28. ஸ்பைனோசாட், ஸ்பைனிடோரம் 5. எமாமெக்டின் பென்சோயேட் 6. நோவலூரான் 15. இண்டாக்சகார்ப் 22. நெல்லுக்குக் குளோராண்ட்ரானிலிப்ரோல் குருணை போட்டுவிட்டு, அடுத்த தலைமுறைப் புழுவுக்கு ஃப்ளூபெண்டியமைடு தெளிப்பது மாற்று மருந்து ஆகாது, இரண்டும் 28-தான். ஒரு தலைமுறைக் காலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 30 நாளுக்கு, ஒரு குழு என்றால் அடுத்த தலைமுறைக்கு வேறு குழு. கலவை மருந்தானால் அதிலுள்ள இரண்டின் எண்ணையும் பார்க்க வேண்டும். எந்த எண்ணானாலும் அந்தப் பயிருக்கும் அந்தப் பூச்சிக்கும் பரிந்துரைத்ததாக இருக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறியில் விழும் பூச்சியைக் கணக்கெடுத்து, பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டுமே தெளிக்க வேண்டும்.

இதை விவசாயியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. நச்சுத்தன்மையைக் காட்டும் நிற முக்கோணம் எல்லா டப்பாவிலும் கட்டாயமாக இருக்கிறது. அதேபோல் குழு எண்ணும் தமிழில், தூரத்திலிருந்தே தெரியும் அளவில் கட்டாயமாக்கப்பட வேண்டும். கடைக்காரர் தரும் ரசீதில் மருந்தின் பெயரோடு எண்ணும் வரவேண்டும். எந்த வட்டாரத்தில் எந்தக் குழு பலனிழக்கிறது என்று வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் ஆண்டுதோறும் புழுக்களைச் சேகரித்துச் சோதித்து, பட்டம் தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும். மருந்து கேட்கவில்லை என்று விவசாயி சொன்னால், அளவைக் கூட்டச் சொல்லாமல், முதலில் பழைய டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி எண்ணைப் பார்ப்பதை விரிவாக்கப் பணியாளர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

புழு ஒரு மணியை மாற்றித் தப்பித்துக்கொள்கிறது. நாம் மாற்ற வேண்டியது டப்பாவின் பெயரை அல்ல, அதன் குழு எண்ணை.