கூலிக்குள் ஒளிந்த விலை

சுவாமிமலையில் மெழுகு உருகி வெளியேறிய மண் அச்சில் உலோகத்தை வார்த்து, அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள். அதே அச்சில் மறு சிலை கிடையாது. மென்பொருளுக்கு இந்தத் தடை இல்லை. நகல் எடுத்தால் மூலம் குறைந்தா போகிறது என்பதே, பூட்டுடைத்த மென்பொருள் வாங்குவோர் சொல்லும் முதல் நியாயம். சிலைக்கு மட்டும் உலோகத்தின் எடைக்கா விலை கொடுக்கிறோம்? சுவாமிமலைச் சிலைக்குக் கிடைத்த புவிசார் குறியீடு காப்பது ஊர்ப் பெயரையும் அதைச் சேர்ந்த கைத்திறனின் நற்பெயரையும்தான்.

மக்கள் காசு கொடுத்துத் திருட்டு நகலை வாங்குவார்களா என்ற கேள்விக்கே இடமில்லை. முன்பு சி.டி.க்குக் கொடுத்தார்கள்; இன்று கணினியை ஃபார்மட் செய்யும் கூலியோடு கொடுக்கிறார்கள். மென்பொருளை எழுதியவருக்குத்தான் அதில் பங்கில்லை. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. கணக்குப்படி, இந்தியாவில் உரிமம் இல்லாத மென்பொருள் 2007இல் 69 விழுக்காடு, 2017இல் 56. (அவர்கள் சொல்லும் நஷ்டத் தொகையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஓசியில் எடுத்தவரெல்லாம் விலை கொடுத்திருப்பார் என்பது வியாபாரியின் கனவு.) கும்பகோணத்துச் சிறிய டி.டி.பி. கடைக்கு விலை கட்டுப்படியாகாது என்பது உண்மையாக இருக்கலாம். அதற்குப் பதில் திருட்டு அல்ல. ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், படங்களுக்கு கிம்ப், மூன்றும் இலவசம். உண்மையான முட்டுக்கட்டை, யூனிகோடுக்கு மாறாமல் பழைய எழுத்துருக்களில் தேங்கிய கோப்புகள். 2010இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. தெரிந்தே திருட்டு நகலைப் பயன்படுத்துவோரைத் தண்டிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி பிரிவு இருக்கிறது. அரசு அதைக் கடைக்காரர் மீது பாய்ச்சுமுன், தொழிற்பயிற்சி நிலையங்களில் ஸ்கிரைபஸைக் கற்றுக்கொடுக்கட்டும்.