கையெழுத்து ஒன்று, கைகள் பல

படம் இயக்குநருக்கே சொந்தம் என்பதை 1950களில் ஒரு கொள்கையாகவே ஆக்கியவர்கள் பிரான்சின் 'கையே து சினிமா' பத்திரிகைக்காரர்கள். அவர்களில் ஒருவரான த்ரூஃபோ, 1962-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கை நாள்கணக்கில் பேட்டி கண்டு புத்தகமே போட்டார்.

ஹிட்ச்காக்குக்கென்று ஒரு கையெழுத்து உண்டு, மறுக்கவில்லை. 'நொட்டோரியஸ்' (1946) படத்தில், விருந்து மண்டபத்தின் உயரத்திலிருந்து இறங்கும் கேமரா, இங்க்ரிட் பெர்க்மனின் கைக்குள் இருக்கும் சாவியில் போய் நிற்கும். விருந்தாளிகள் அறியாதது நமக்குத் தெரிந்துவிடுகிறது, பதைப்பு தொடங்கிவிடுகிறது. திடுக்கிட வைப்பதைவிட, முன்கூட்டியே சொல்லித் தவிக்க விடுவதுதான் அவர் பாணி.

ஆனால் படத்தொகுப்பில் பிழைப்பு நடத்தும் எனக்கு 'சைக்கோ' (1960) வேறொன்றையும் சொல்கிறது. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதை மீறி வயலின்களைக் கிறீச்சிட வைத்தார். கேட்டதும் இயக்குநர் மனம் மாறினார். அந்தக் காட்சியை ஷாட் ஷாட்டாக வரைந்தவர் சால் பாஸ். தொகுத்தவர் ஜார்ஜ் டொமாசினி. மூலக்கதை ராபர்ட் பிளாக்கின் நாவல், திரைக்கதை ஜோசப் ஸ்டெஃபானோ.

இதனால் ஹிட்ச்காக் சிறுத்துவிடவில்லை. பிறர் கொண்டுவந்ததில் எது தன் படத்துக்கு உரியது என்று கண்டுகொள்வதும் படைப்புதான். ஆனால் அந்தப் பிறருக்கும் பெயர் உண்டு. இயக்குநரைக் கொண்டாடும் விமர்சகர்கள் அந்தப் பெயர்களையும் எழுதட்டும்.